கக்கூஸ் கட்டும் முன்: தொட்டியா, குழியா, சாம்பலா?

ஊருக்கு வெளியே பத்து சென்ட் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் நிறத்துக்கு ஒரு மாதம் அலைகிறார்கள். கழிவு எங்கே போகும் என்பதை மட்டும் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறார்கள். கொத்தனாரும் எப்போதும் ஒன்றையேதான் சொல்வார்: "பெருசா ஒரு செப்டிக் டேங்க் போட்டுருவோம் சார், இருபது வருசத்துக்குத் தொறக்கவே வேணாம்." பாதாளச் சாக்கடை வராத இடத்தில் இதைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் இருந்து, நாலு தென்னையோ வாழையோ வைத்திருப்பவர்கள், "இதையே உரமாக்க முடியாதா?" என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே வழி பொருந்தாது.

விலையை விட, அழகை விட, நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நிறைந்த பிறகு அதைத் திறந்து அள்ளப்போவது யார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. அடுத்து, உங்கள் மண்ணுக்கு அடியில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உரம் கிடைக்குமா என்பது மூன்றாவது. ஆர்வம் உள்ளவர்கள் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்கி முதலாவதில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த மூன்றாவது கணக்கையும் போட்டுவிடலாம். நம் நாட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் வருடத்தில் வெளியேற்றும் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 2.7 கிலோ, மணிச்சத்தில் பாஸ்பரஸ் சுமார் 0.4 கிலோ என்பது மதிப்பீடு. ஐந்து பேர் வீட்டுக்குத் தழைச்சத்து மட்டும் 13 கிலோவுக்கு மேல். யூரியாவாகக் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டையில் பாதிக்கும் அதிகம். இதில் பலர் கவனிக்காத விஷயம், அந்தத் தழைச்சத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய எண்பது சதவீதத்துக்கும் மேல், இருப்பது சிறுநீரில். மலத்தில் இருப்பது மீதிக் கொஞ்சமும், நோய்க்கிருமிகள் கிட்டத்தட்ட முழுவதும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

செப்டிக் டேங்க்

நாம் செப்டிக் டேங்க் என்று சொல்லும் பலவும் செப்டிக் டேங்கே அல்ல. முறையான தொட்டிக்கு அடியிலும் சுவரிலும் கசிவு இருக்கக் கூடாது, நடுவில் தடுப்புச் சுவர் வேண்டும், வெளியேறும் நீர் ஒரு உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். அடியில் படியும் கசடை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். அப்படியானால் இருபது வருடம் திறக்காத தொட்டி எப்படி நிறையாமல் இருக்கிறது? அடியில் கான்கிரீட் போடாமல் விட்டிருப்பார்கள். எல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இருபதடி தள்ளி உங்கள் போர்வெல் இருந்தால் அது எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

உரம் என்ற கோணத்தில் பார்த்தால் செப்டிக் டேங்கில் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி, கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையம் போன்ற இடங்களில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. உங்கள் ஊருக்கு அருகில் அப்படி ஒன்று இருந்து, லாரிக்காரர் அங்கேதான் கொட்டுகிறார் என்றால் செப்டிக் டேங்க் ஒரு நேர்மையான தேர்வுதான். இல்லையென்றால் இரவில் ஏதோ ஒரு ஏரிக்கரையில் கொட்டப்படும்.

லாரிக் குழாய் உறிஞ்ச முடியாத அடிக்கசடுக்கு ஒரு மனிதரை உள்ளே இறக்குவது இன்னும் நின்றபாடில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதற்குப் பிறகும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. இறப்பவர்கள் எந்தச் சமூகத்தினர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. "தொறக்கவே வேணாம்" என்று கட்டிய தொட்டியைக் கடைசியில் திறப்பது யார் என்பதற்கு இதுதான் பதில்.

இரட்டைக் குழி

என் கணக்கில் சாதாரணக் குடும்பத்துக்கு ஏற்றது இதுதான். விளம்பரம் இல்லாததாலும் மலிவாக இருப்பதாலும் "அரசாங்கக் கக்கூஸ்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கழிப்பறைகள் கட்டும் சுலப் அமைப்பை 1970இல் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் பரப்பியது இந்த முறையைத்தான். தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமப்புற வீடுகளுக்குக் கொடுத்த 12,000 ரூபாய் ஊக்கத்தொகையும் பெரும்பாலும் இதை மனதில் வைத்துத்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு குழி, நடுவில் ஒரு சின்னச் சேம்பர். அதில் ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் எல்லாம் மறு குழிக்குப் போகும். மூன்று வருடம் போல ஒன்று நிறையும். அப்போது செங்கலை மாற்றி வைத்தால் போதும். நிறைந்த குழி இரண்டு வருடமாவது சும்மா கிடக்க வேண்டும். குழிச் சுவரில் விட்ட ஓட்டைகள் வழியாக ஈரமும் வாயுவும் மண்ணுக்குள் போய்விடும். அதனால் புகைக்குழாய் தேவையில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஈரமான காப்பித்தூள் மாதிரி இருக்கும். மழை பெய்த மண் வாசனைதான் வரும். மண்வெட்டியால் நீங்களே அள்ளலாம். சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது: முழுக்க மட்கும் முன் மனிதர் கையால் கையாள வேண்டியிருந்தால்தான் அது தடைசெய்யப்பட்ட கழிப்பறை.

கெடுவதெல்லாம் கட்டும்போதுதான். கொத்தனார்களுக்குக் குழி என்றால் ஆழம் வேண்டும். பத்தடி தோண்டி உறை இறக்கி, "நல்லா தாங்கும்" என்பார்கள். இங்கே ஆழம் கூடக் கூடக் கெடுதல். ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் ஆழமும் போதும். இரண்டு குழியையும் வரிசையாக இணைத்து, ஒன்று நிறைந்து மற்றதில் வழியும்படி செய்துவிடுவது இன்னொரு வழக்கம். அப்படிச் செய்தால் எந்தக் குழிக்கும் ஓய்வே கிடையாது. அடியில் கான்கிரீட் போடுவார்கள், குளியலறைத் தண்ணீரையும் இதிலேயே விடுவார்கள். இவை நாலையும் தடுக்க, குழி தோண்டும் அன்று நீங்கள் அங்கே நிற்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் அன்று நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

கழிப்பறைப் பேசின் வாங்கும்போதும் கவனம் வேண்டும். சரிவு அதிகமுள்ள கிராமப்புறப் பேசின் என்று கேட்டு வாங்கினால் ஒன்றரை, இரண்டு லிட்டரில் கழுவிப்போகும். மேலே பத்து லிட்டர் ஃப்ளஷ் டேங்க் வைத்தால் குழி எப்போதும் சேறாகத்தான் இருக்கும்.

இதன் உண்மையான குறை நிலத்தடி நீர். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இரண்டு மீட்டராவது இருக்க வேண்டும். கிணறோ போரோ பத்து மீட்டருக்கு அப்பால் இருப்பது நல்லது. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் மழைக்காலத்தில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் வரும். அங்கே இது சரிப்படாது. தர்மபுரி, சேலம் போலப் பாறை மேலே தெரியும் இடங்களில் வேறு சிக்கல்: பாறை வெடிப்பு வழியாகக் கழிவுநீர் எதிர்பாராத தூரத்துக்குப் போய்விடும். அப்புறம், சிறுநீரில் உள்ள தழைச்சத்து பெரும்பாலும் நைட்ரேட்டாகி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. கடைசியில் அள்ளும் எரு நல்ல மட்குதான், ஆனால் சத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

சாம்பல் போடும் கழிப்பறை

நீர்மட்டம் மேலே இருக்கும் இடங்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் உண்டு. காவிரிக்கரை முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனமும் அதன் சுப்புராமனும் 2000 வாக்கிலிருந்து கட்டிவரும் ஈகோசான் கழிப்பறைகள்தான் அது. சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முசிறியில் ஒரு பொதுக் கழிப்பறையில், பயன்படுத்துகிறவர்களுக்கே சிறு தொகை கொடுத்தார்கள். கட்டணக் கழிப்பறைக்குப் பழகிய நமக்கு அது தலைகீழ் ஏற்பாடு. கழிவு சரக்கு என்றால் அதைக் கொடுப்பவருக்குத்தானே காசு வர வேண்டும்? சுனாமிக்குப் பிறகு நாகைக் கடற்கரையிலும் இந்த வகை கட்டப்பட்டது. இரண்டு அறையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அடிப்படை யோசனை 1950களில் வியட்நாமில் பரவியது. அங்கே தண்ணீரால் கழுவும் பழக்கம் இல்லை. நம் ஊருக்கு வந்தபோது கால் கழுவ ஒரு தனி இடம் சேர்க்க வேண்டியதாயிற்று.

தரைக்குக் கீழே எதுவும் கிடையாது. நாலைந்து படி ஏறி மேடைக்குப் போக வேண்டும். மேடைக்கு அடியில் இரண்டு அறைகள், ஒவ்வொன்றின் மேலும் மூடி போட்ட துளை. முன்பக்கம் சிறுநீர் போகும் சரிவு, அதிலிருந்து ஒரு குழாய் வெளியில் உள்ள கேனுக்கு. துளைக்குப் பக்கத்தில் கழுவும் இடம். போய் முடித்ததும் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்து கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் கல்வாழை வைத்த சின்னப் பாத்திக்குப் போகும். பிறகு ஒரு குவளை சாம்பலைத் துளைக்குள் தூவி மூடியைப் போட்டுவிட வேண்டும். ஒரு அறை நிறைந்தால் அதை அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பின்சுவரில் உள்ள சிறு கதவைத் திறந்து பிறகு அள்ளிக்கொள்ளலாம்.

இது நன்றாக வேலை செய்யும் வீடு நாறாது. ஒரு ஆள் பழக்கத்தோஷத்தில் துளைக்குள் ஒரு மக்கு தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் கதை மாறும். விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் ஊற்றுவார். ஈரம் சேர்ந்தால் நாற்றம், ஈ, புழு எல்லாம் வரிசையாக வரும். உடனே சாம்பலை அள்ளிக் கொட்டிக் காய வைக்க வேண்டும். ஆகவே இதைக் கட்டும் வீட்டில் விருந்தினருக்கு வேறு கழிப்பறை ஒன்று இருப்பது நல்லது. முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகளும் பிரச்சினைதான். ஒரு படிக்கு ஒரு கைப்பிடி என்று வைத்தாலும் மழையில் வழுக்கும்.

எல்லோரும் மறக்கும் கேள்வி சாம்பல். பொங்கலன்று மட்டும் விறகு எரிக்கும் வீட்டில் சாம்பல் எங்கிருந்து வரும்? ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு சாக்கு தேவைப்படும். அரிசி ஆலையின் உமிச்சாம்பல், விறகு எரிக்கும் டீக்கடை, செங்கல் சூளை என்று ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தூளும் தென்னை நார்க்கழிவும் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் சாம்பலும் சுண்ணாம்பும் செய்யும் இன்னொரு வேலையைச் செய்யாது. சாம்பல் காரத்தன்மையை உயர்த்திக் கிருமிகளைக் கொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, கார அளவு (pH) 9க்கு மேல் இருந்து, உலர்ந்தும் சூடாகவும் இருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் வைத்தால் போதும் என்கிறது. காரம் சேர்க்காமல் வெறுமனே வைத்திருந்தால் நம் ஊர் வெப்பத்தில் ஒரு வருடத்துக்கு மேல். இந்தக் காலக்கெடு நாக்குப்பூச்சி முட்டைக்காகத்தான். பாக்டீரியா சீக்கிரம் செத்துவிடும், அந்த முட்டைகள் மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். எனவே அறையைச் சிறிதாகக் கட்டி ஆறு மாதத்தில் நிறைத்துக்கொண்டு, "இடமில்லை, எடுத்துத்தான் ஆகணும்" என்ற நிலைக்கு வரக் கூடாது. ஒரு அறை ஒரு வருடம் தாங்கும்படி கட்டுங்கள்.

எடுத்த எருவைத் தென்னை, வாழை, தீவனப் புல்லுக்குப் போடலாம். கீரைக்கும் வெங்காயத்துக்கும் வேண்டாம்.

"உலர் கழிப்பறை" என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் நினைவில் இருப்பது எடுப்புக் கக்கூஸ். பின்கதவு வழியாகத் தினமும் ஒருவர் வந்து வாளியில் அள்ளிப் போன அந்தக் கொடுமை. அதைக் கட்டுவதையே 1993இல் சட்டம் தடை செய்தது. ஈகோசானுக்கும் பின்கதவு உண்டு என்பதால் இந்தச் சந்தேகத்தை அலட்சியம் செய்ய முடியாது. வித்தியாசம் கதவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து நாற்றமில்லாத உலர்ந்த மண்ணாகத்தான் அது வெளியே வர வேண்டும், அதை எடுப்பவர் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். "ஆள் கிடைப்பாங்க, கூலி கொடுத்துரலாம்" என்று மனதுக்குள் நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கட்ட வேண்டாம்.

வாளியும் மரத்தூளும்

வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்துவிட்டுக் கேட்பது இதைத்தான். இருபது லிட்டர் வாளி, மேலே ஒரு சீட், ஒவ்வொரு முறையும் மரத்தூள். நிறைந்ததும் தோட்டத்து மட்குத் தொட்டியில் கொட்டி வைக்கோல் மூடிவிட வேண்டும். செலவு கிட்டத்தட்ட இல்லை. பண்ணைக்கு வாரம் ஒருமுறை போகிற தனி ஆளுக்கு இது போதும்.

குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ஐந்து பேருக்கு வாரத்தில் பல வாளி. தூக்குவது புத்தம்புதியது. வேறு ஒருவரைத் தூக்க வைத்தால் அது அதே பழைய கொடுமைதான், பெயர் மட்டும் புதிது. தண்ணீரால் கழுவும் நமக்கு வாளி சீக்கிரம் கொழகொழத்துவிடும், கழுவத் தனி இடம் வேண்டும். ஐப்பசி மழையில் கூரை இல்லாத மட்குக் குவியல் கரைந்து ஓடும். குவியல் சூடாகி எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்பார்கள். நடுவில் சூடாகும், ஓரங்கள் சூடாவதில்லை. அதனால் இதற்கும் ஒரு வருடக் காத்திருப்பு உண்டு.

மற்றவை

சாண எரிவாயுக் கலத்தோடு கழிப்பறையை இணைப்பது நல்ல முறை. புனே அருகே தேஹுவில் மருத்துவர் மாபுஸ்கர் இதற்காகவே வாழ்ந்தார். 2017இல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ வந்தது. ஆனால் மனிதக் கழிவிலிருந்து மட்டும் கிடைக்கும் வாயு ஆளுக்கு ஒரு நாளில் ஒரு கன அடிதான். ஐந்து பேருக்கு அரைமணி நேர அடுப்பு. மாடு இருந்தால் கட்டுங்கள், மாடில்லாத வீட்டில் வேலைக்கு ஏற்ற பலன் இல்லை. மண்புழுவை வைத்துச் செரிக்கும் கழிப்பறைகளும் வந்திருக்கின்றன. குழி மெதுவாக நிறையும், ஆனால் வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவும் வீட்டில் புழு பிழைக்காது. ரயிலில் இருப்பது போன்ற, நுண்ணுயிரிகளை வைத்துக் கழிவைச் செரிக்கும் பயோ டைஜஸ்டர் தொட்டிகளில் வெளியேறும் நீர் கிருமியற்றது அல்ல. அதற்கும் உறிஞ்சு குழியோ செடிப் பாத்தியோ வேண்டும். விற்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

சரி, எதைக் கட்டுவது?

நீர்மட்டம் கீழே இருந்து, மண் தண்ணீரை உறிஞ்சும் இடமாக இருந்தால் இரட்டைக் குழி. டெல்டாவிலோ கடற்கரையிலோ இருந்து, வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாக வீட்டுப் பெண்கள், மனதார ஒத்துக்கொண்டால் ஈகோசான். ஒருவர் ஆர்வத்துக்காக மற்றவர்கள் சகித்துக்கொள்ளும் கழிப்பறை இரண்டாவது வருடம் விறகு போடும் அறையாகிவிடும். ஐந்து சென்டுக்குள் வீடு, சுற்றிலும் சிமென்ட் என்றால் எந்த உரக் கழிப்பறையும் வேண்டாம். கசியாத செப்டிக் டேங்கைக் கட்டி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிடுங்கள்.

உரத்துக்காகத்தான் இதையெல்லாம் யோசிக்கிறீர்கள் என்றால், மலத்தோடு மல்லுக்கட்டாமலே பெரும்பகுதிச் சத்தைப் பிடிக்கும் வழி ஒன்று உண்டு. இரட்டைக் குழியைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் சிறுநீருக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு செய்யுங்கள். ஆண்களுக்கு ஒரு யூரினல், பெண்களுக்கு மறைவாக ஒரு சரிவுத் தளம், இரண்டிலிருந்தும் ஒரே குழாய். இரண்டு அங்குல பிளாஸ்டிக் குழாய் போதும். நல்ல சரிவு கொடுங்கள், வளைவுகளைக் குறையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். இரும்பு வேண்டாம், அரித்துவிடும். குழாயின் முனை கேனின் அடிவரை இறங்கியிருந்தால் காற்றோடு கலப்பது குறையும், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்து போவதும் குறையும்.

சிறுநீர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வரை தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வாழைக்கட்டையைச் சுற்றி மண்ணில் ஊற்றி மண் அணைத்துவிடலாம். சொந்த வீட்டுச் சாப்பாட்டுக்கான பயிர் என்றால் சேமித்து வைக்கக்கூடத் தேவையில்லை, அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட்டால் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டி. விற்பதற்கான காய்கறி என்றால் ஆறு மாதம் மூடி வைத்துப் பயன்படுத்துங்கள். போர்த் தண்ணீரே உப்பாக உள்ள இடத்தில் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மண் மேலும் உவர்க்கும். கேனை நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்த கேனைத் திறப்பவர் இரண்டாவது முறை அந்தப் பக்கம் வர மாட்டார்.